கிராணி படித்த பட்டியலில் என் பெயர்

ரப்பர் மரத்து ஒட்டுப்பாலின் புளித்த வாடை... மலேசியாவில் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். துணியில், தலைமுடியில், ஏன், சோற்றில்கூட இருக்கும். அன்று தோட்டத்து ஆபீஸ் முன்னால் நின்றபோதும் அம்மாவின் வேலைச் சட்டையிலிருந்து அந்த வாடைதான் வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பத்து வயது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் சித்தப்பாவும் கூடப் பிறந்தவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடு. நடுப் பலகையை அறுத்து வழி வைத்திருந்தார்கள். அடுப்பு ஒன்றுதான். அம்மா முந்திப் பால்மரம் வெட்டப் போனால் சின்னம்மா எனக்குத் தலை சீவுவார். சின்னம்மாவுக்குக் குமார் அண்ணன், ரவி, மல்லிகா என்று மூன்று பிள்ளைகள். அம்மா அப்பாவுக்கு நான் ஒருத்தி. நாலு பேரும் ஒரே பாயில் படுப்போம்.

அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டம் கைமாறிவிட்டது, மரங்களை அழித்துத் தாமான் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்றார்கள். சிரம்பான் பக்கத்துப் பாரோயில் மாற்று வீடு கொடுப்பதாகவும், பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு முதலில் என்றும் பேச்சு. அன்று ஆபீஸ் கணக்குப்பிள்ளை, எங்கள் கிராணி, பட்டியலைப் படித்தார்.

"மாரிமுத்து. பொஞ்சாதி அஞ்சல. பிள்ளைங்க இல்ல."

அது என் அப்பா அம்மா பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சுப்பையா. பொஞ்சாதி ராக்கம்மா. பிள்ளைங்க நாலு. குமார், சாந்தி, ரவி, மல்லிகா."

சாந்தி நான்தான்.

"யம்மா, கிராணி தப்பா படிக்கிறாரு. போயி சொல்லும்மா."

அம்மா அசையவில்லை. என் கையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது... வலித்தது. பக்கத்தில் நின்ற பக்கத்து லயத்து அக்கா மெதுவாகக் கேட்டார்.

"என்னா அஞ்சல, இன்னுமா புள்ளைக்கிச் சொல்லாம இருக்க?"

அதன் பிறகு கிராணி யார் யார் பெயரைப் படித்தார் என்று தெரியாது.

பிள்ளை இல்லாத அம்மாவுக்குச் சின்னம்மா என்னைப் பெற்றுக் கொடுத்திருக்கிறார். பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நடு வழியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். தத்துப் பத்திரம், எழுத்து ஒன்றும் கிடையாது. ஒரே அடுப்பில் சாப்பிடும்போது எதற்கு எழுத்து? நம் தமிழில் சித்தப்பா பிள்ளையும் அண்ணன்தான், தம்பிதான். எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்!

அன்று பெரியவர்கள் நாலு பேரும் பேசியது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"அண்ணே, நீங்களே கூட்டிட்டுப் போங்கண்ணே. அவ ஒங்க புள்ள," என்றார் சித்தப்பா.

அப்பாவுக்குப் பாரோயில் வீடு கிடைக்கவில்லை; ஜொகூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் வெகு தூரம் என்றார்கள்.

"அங்க ஸ்கூல்ல சேக்க பெறந்த சூராட் கேப்பானுங்க லா," என்றார் அம்மா. "பேரு இருக்கற எடத்துலயே புள்ள இருக்கட்டும்."

அதைச் சொன்னது அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரே காலையில் இரண்டு லோரி வந்தது. ஒன்று பாரோய்க்கு, ஒன்று ஜொகூருக்கு. சாமான் ஏற்றும் சந்தடியில் நான் ஜொகூர் லோரியில் ஏறி, மெத்தைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். வழியில் தம்பின் டவுனில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். மெத்தையைச் சரி செய்ய ஏறிய அம்மா என்னைப் பார்த்தார்.

அடிக்கவில்லை. திட்டவில்லை. கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பாவை லோரியோடு அனுப்பிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு சிரம்பான் பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து பாரோய்க்கு இன்னொரு பஸ். புது வீட்டு வாசலில் சின்னம்மா தலைவிரி கோலமாக நின்றிருந்தார். அதுவரை எல்லா இடத்திலும் என்னைத் தேடியிருக்கிறார்கள்.

அம்மா என் முதுகைத் தள்ளினார்.

"இந்தா ராக்கு, ஒன் புள்ள."

"ஐயோ அக்கா, அப்படிச் சொல்லாதீங்கக்கா..."

அம்மா உள்ளே வரவில்லை. தண்ணிகூட வாங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது.

அதன் பிறகு அப்பாவும் அம்மாவும் தீபாவளிக்கு வந்தார்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நான் கடைசி வரை வளர்த்தவரை அம்மா என்றே கூப்பிட்டேன். பெற்றவரைச் சின்னம்மா என்றுதான். யாரும் திருத்தவில்லை. என் கல்யாணத்தில் பெற்றோர் உட்காரும் இடத்தில் அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, சின்னம்மாவும் சித்தப்பாவும் பின்னால் நின்றுகொண்டார்கள். இப்போது அம்மாவும் அப்பாவும் இல்லை. சித்தப்பாவும் இல்லை.

இன்று சிரம்பான் லோபாக்கில் எங்கள் வீட்டில் நான், கணவர், ஒரே மகள், சின்னம்மா. குமார் அண்ணன் சிங்கப்பூரில். ரவி பினாங்கில். மல்லிகா கிள்ளானில். நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டு என் மகள் ஆடிப்போய்விட்டாள். "பெத்த புள்ளய எப்படிம்மா கொடுத்தாங்க? ஷாக்கா இருக்குலா!"

என்னைக் கொடுத்தது எனக்கு அதிர்ச்சியாகவே தெரியவில்லை. ஒரு தோட்டத்தை விற்றதும், ஒரே காலையில் ஒரு குடும்பம் இரண்டானதே... அதுதான் இத்தனை வயதிலும் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் சின்னம்மாவுக்குக் கால் பிடித்துவிடும்போது கேட்டேன். "அன்னிக்கித் தோட்டத்த விக்காம இருந்திருந்தா, எங்கிட்ட எப்பச் சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை.

"சொல்லியே இருக்க மாட்டேன். என் கண்ணு முன்னாடிதான இருந்த... எனக்கு அது போதும்னு இருந்தேன்."

சின்னம்மாவின் மற்றக் காலையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.