தேவராஜண்ணன் அடித்த ஒற்றை மணி

போன செவ்வாய்க்கிழமை காலை, ராபர்ட்சன்பேட்டை மளிகைக் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர், "தேவராஜண்ணன் பூட்டாரு, சுந்தரம். ஆஸ்பத்திரியிலயே" என்றார். பருப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையிலிருந்து இறங்கினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜ் அவர்கள் தங்கச் சுரங்க வாயிலில் மணிக்காரர். ஆட்களைக் கேஜ் என்கிற கம்பிக் கூண்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, அவர் மணி அடித்தால்தான் இன்ஜின் டிரைவர் கேஜைக் கீழே இறக்குவார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்த பிறகே கதவைச் சாத்துவார். "மொகத்த பாக்காம மூடுனா சவப்பொட்டிய மூடற மாதிரி ஆயிடும்பா" என்பார்.

இருபது வருடங்களுக்கு முன்பு, அறுபதுகளில், நானும் அந்தக் கேஜில் இறங்கியவன். பாலகாட் தொழிலாளர் லைனில் என் வீட்டின் பின்னால் நான்கு கஞ்சாச் செடிகள் வளர்த்தேன். முதுகுவலிக்கு என்றுதான் தொடங்கியது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகை மாட்டுத் தீனியில் கலப்பார்கள், மொலாசு என்போம். வண்டிக்காரர் ஒருவரிடம் அதை டப்பாவில் வாங்கி, தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றினேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் பறந்து படிந்த அந்தத் தரையில் கீரைகூடத் தேறாது. என் செடிகளோ இடுப்புக்கு மேல் தழைத்தன. அதில் எனக்கு ஒரே பெருமை. கூட வேலை செய்த ஏழுமலைக்கும் கொடுத்தேன்.

ஒருநாள் முதல் ஷிப்டில் ஏழுமலை தலையைக் குனிந்தபடி கேஜில் ஏறினான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேஜ் நகர்ந்த நொடியில் அவன் சிரித்துக்கொண்டே கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். அண்ணன் ஒற்றை மணி அடித்தார்; ஓடும் கேஜை உடனே நிறுத்தச் சொல்லும் மணி அது. கேஜ் குலுங்கி நின்றது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஏழுமலைக்கு இரண்டு விரல்கள் போயின, கை தப்பியது.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "அவன் ஏன் கையை நீட்டினான்?"

"தெரியல சார். மொகத்த பாக்காம ஏத்திட்டேன். என் தப்புதான்."

காரணம் தெரிந்த நான் அங்கேயே நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நேராகப் பின்பக்கம் போனார். செடிகளின் அடியில் மொலாசுக்கு எறும்பு மொய்த்திருந்தது.

"இன்னாப்பா ஊத்தற இதுக்கு?"

"மொலாசு, அண்ணே."

"செடி நல்லாத்தான் வந்துகீது. ஆஸ்பத்திரில ஏழுமலய பாத்தேன். எல்லாம் சொன்னான்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "ஆபீஸ்ல சொல்லிடுவீங்களா?"

"நான் சொல்ல மாட்டேன். உனுக்கு மூணு புள்ளைங்க. ஆனா இப்ப கதவு சாத்தறவன் புது ஆளு. எவன் இத்த இழுத்துட்டு வர்றான்னு அவனுக்கு இன்னா தெரியும்? நாளைக்கி ஒரு கேஜ் ஆளுங்களுக்கு எதுனா ஆச்சின்னா?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் செடிகளைப் பிடுங்கி எரித்தேன். பாகு டப்பாவைக் கால்வாயில் கவிழ்த்தேன். காலையில் ஆபீசில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போயிற்று. அண்ணன் ஒரு வாரத்தில் திரும்பவும் மணியடிக்க வந்தார்.

உள்ளுக்குள் அவர்மேல் எனக்குக் கோபம்தான். அது அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் என்னை அழைத்துப்போய் மளிகைக் கடைக்காரரிடம் நிறுத்தினார். "இவன் தன் தப்ப தானே சொன்னவன். நம்பி வெச்சிக்கலாம்" என்றார். அந்தச் சொல்லில்தான் இன்றுவரை பிழைக்கிறேன்.

புதன்கிழமை ஏழுமலையும் நானும் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தோம். இரண்டாம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் சாலையோரம் ஒதுங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். நேரமாகிறதென்று ஒருவரும் நகரவில்லை. நாங்கள் திருப்பத்தைக் கடக்கும்வரை வெயிலில் அப்படியே நின்றார்கள்.

அண்ணே, உங்களுக்காக நின்ற அந்த ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் அன்று இரவு பத்திரமாக வீடு திரும்பினார்கள். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.