முன் சீட்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. புது ஆள் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதுதான் வாசலைத் தாண்டினால் என் கவலை. வெள்ளவத்தையில் பஸ் ஏறுகிறேன். அவ்வளவு கூட்டத்திலும் முன் சீட் காலியாக இருக்கிறது. உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பிக்கு ஏறுகிறார். கீரைப் பையோடு நிற்கும் பெண் என் தோளைத் தட்டுகிறார்.

"எழும்புங்கோ தம்பி, அது பிக்குமாருக்கு விட்ட சீட். இந்தியாவோ?"

"ஆமாக்கா. எப்படித் தெரிஞ்சுது?"

"உதில இருந்த உடனேயே முழு பஸ்ஸுக்கும் தெரிஞ்சு போச்சு."

எழுந்து பிக்குவுக்கு இடம் விடுகிறேன்.

கொள்ளுப்பிட்டியில் பிக்கு இறங்குகிறார். சீட் மறுபடி காலி. கால் கடுக்க நானும் எல்லோரையும்போல் நிற்கிறேன். படியில் கால்வைத்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து, புறக்கோட்டைக்குப் போகுமா என்று சிங்களத்தில் கேட்கிறார். கேட்பது ஓரளவு புரிகிறது; ஆனால் பேச, ஆமாம் என்பதற்கு மட்டும்தான் எனக்குச் சிங்களம் தெரியும்.

"ஓவ்" என்கிறேன். நம்பி ஏறிக்கொள்கிறார்.