திரையில அம்மா பேர்

கார்பன் பேப்பர் வாசம்... எனக்கு அதுதான் அப்பா வாசம்.

அப்பா சினிமாவுக்கு வசனம் எழுதினவர். சிங்காநல்லூர்ல வீடு. படத்துக்குப் போனா எழுத்து போடறதுக்கு முன்னாடியே சீட்டுல இருக்கணும். தன் பேர் வர்ற அந்த ரெண்டு செகண்ட், அப்பா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்குவார்.

அப்புறம் மில் ஸ்ட்ரைக் வந்துச்சு. அப்பா செங்கொடி மேடையேறிப் பேசிட்டார். அவ்வளவுதான்... படத்துக்குப் பணம் போட்டதெல்லாம் மில் முதலாளிங்கதானே, ஒருத்தரும் கூப்பிடல.

ஒரே ஒரு டைரக்டர் மட்டும் வந்தார். "வேற பேர்ல எழுதிக் குடுங்கண்ணா. முதலாளிக்குத் தெரிஞ்சா என் பொழப்பும் போயிருமுங்க."

அந்த வேற பேர் எங்கம்மா பேர். முதலாளிக்கு அப்பா கையெழுத்து அத்துப்படி. அதனால அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவாங்க. "இப்படியெல்லாமா பேசுவாங்க, ஏனுங்க?"ன்னு வில்லன் வசனத்துக்கு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அம்மா விரல்ல அந்த கார்பன் பேப்பர் நீலக்கறை போகவே போகாது.

படம் வந்துச்சு. முதல் நாள் மேட்னி. வசனம்னு போட்டு அம்மா பேர்...

"பொம்பள எழுதி என்னத்தக் கிழிக்கப் போறா?"ன்னு பின்சீட்டுல ஒருத்தர் சொன்னார். எனக்கு எட்டு வயசு. சுருக்குன்னு வந்துருச்சு. சீட்டு மேல ஏறிக் கத்திட்டேன்.

"இது எங்கப்பா எழுதுனதுங்க! அம்மா கையெழுத்து மட்டுந்தானுங்க!"

தியேட்டரே சிரிச்சுது. கூட்டம் எப்படின்னு பாக்க வந்திருந்த முதலாளியோட மேனேஜர் மட்டும் சிரிக்கல.

அடுத்த வாரம் டைரக்டர் வந்து வாசல்லயே நின்னார். "இனி முடியாதுங்கண்ணா."

அப்பா என்னைத் திட்டல. "அழுகாத கண்ணு. உள்ளதத்தானே சொன்னே"ன்னார். திட்டியிருக்கலாம்... இத்தனை வருஷம் உறுத்தாம இருந்திருக்கும்.

உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டியில வேலைக்குப் போனார். சாக்கு மேல வியாபாரிங்க பேரை மையில எழுதற வேலை. சாகற வரைக்கும் அடுத்தவங்க பேரையே எழுதிட்டுப் போயிட்டார். தியேட்டர் பக்கம் அப்புறம் போகவே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை மகளோட டிவியில ஒரு படம் பாத்தேன். கட்சிக் கொள்கைக்காக சினிமாக்காரங்க ஒதுக்கி வெச்ச ஒரு வெளிநாட்டு எழுத்தாளரோட வாழ்க்கைக் கதை. கண்ட பேர்ல எழுதி எழுதி, கடைசியில அவர் சொந்தப் பேரே திரையில வருது. தாங்க முடியாம அழுதுட்டேன்.

மகள் என்னை சிரிக்க வைக்கலாம்னு ஒரு காமெடிப் படத்தைப் போட்டா. பேர் ஓட ஆரம்பிச்சதுமே ஓரத்துல 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன். ரிமோட்டை எடுத்துட்டா. சட்டுனு அவ கையைப் பிடிச்சேன்.

"ஏம்மா?"

"எழுத்து போடறாங்க கண்ணு... வசனம் யாருன்னு மட்டும் பாத்துக்கறேன்."