அக்கரை வரை எட்டும் டார்ச்

தாய்லாந்தின் பாக் பனாங் ஊரில் தன்னைத் தெரியாதவர் யாருமில்லை என்று சரூன் நினைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்த மனிதர். அந்த முப்பது வருடத்தில் ஒருவரிடமும் ஒரு யோசனை கேட்டதில்லை. பெண்டாட்டி லமாயிடம் கேட்டிருந்தால் வீட்டு மாடியைக் குருவிக்கு விட்டிருக்கவே மாட்டார்.

அந்த ஊரில் பாதி மாடி குருவிக்குத்தான். ஜன்னலை அடைத்து, ஒரே ஒரு பொந்து விட்டு, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உழவாரக் குருவி வந்து எச்சிலால் கூடு கட்டும். அந்த எச்சிலைச் சூப் வைத்துக் குடிக்கப் பணக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். சரூன் நாலு வருடம் காத்திருந்தார். லமாய் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கினாள். எதிர்வீட்டு விச்சாயின் மாடியில் குருவி மொய்த்தது. இவர் மாடிக்குப் பல்லிதான் வந்தது. ஐந்தாம் வருடம் எப்படியோ முப்பது ஜோடி வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து சரூனின் நெஞ்சு முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார்.

குஞ்சு பறந்துபோன கூட்டை மட்டும்தான் எடுக்கலாம். முட்டைமேல் இருக்கும் குருவியை மிரட்டிவிட்டால், அது குடும்பத்தோடு அடுத்த மாடிக்குப் போய்விடும். அதனால் பதினைந்து வருடமாக ஊர் மாடிகளில் கூடு எடுக்கும் பிரானியைக் கூப்பிட்டார்.

"என் டார்ச் தண்ணில விழுந்துபோச்சு அண்ணே. சின்னதா ஒண்ணு வாங்குங்க. வெளிச்சம் பரவலா விழணும்" என்றாள் பிரானி.

"டார்ச் வாங்க நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? வா கடைக்கு."

கடையில் இருந்ததிலேயே நீளமானதை எடுத்துக்கொண்டு சரூன் ஆற்றோரம் போனார். அக்கரையில் இருந்த படகுக் கொட்டகையின் இருட்டுக்குள் அடித்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து கையை ஆட்டித் திட்டினான். சரூனுக்குப் பரம திருப்தி.

பிரானி கட்டைவிரல் நீளத்தில் ஒன்றை எடுத்தாள். கடை வாசலில் விற்பனைக்கு நின்ற பெரிய தண்ணீர் ஜாடிக்குள் தலையை விட்டு அதை அடித்துப் பார்த்தாள்.

"தலைய உள்ள விட்டுட்டு மிச்சத்த ஊருக்குக் காட்றியே, நல்லாவா இருக்கு?" என்றார் திரும்பி வந்த சரூன்.

"ஊரு பாத்துட்டுப் போகட்டும். ஜாடிக்குள்ள அடி, சுவரு, விளிம்பு எல்லாம் ஒரே தடவைல தெரியுது. உங்களத விட்டுப் பாருங்க."

சரூன் பார்த்தார். காசளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கும்மிருட்டு.

"கண்ணு கூசுது" என்றார். "அவ்வளவு பவரு."

"உங்க மாடி எத்தனை கிலோமீட்டர் அண்ணே?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே சரூன் நீளமானதை வாங்கினார்.

"அத எடுத்துக்கிட்டு நான் உள்ள போக மாட்டேன்" என்றாள் பிரானி.

"நீ எதுக்கு? நானே போறேன்."

மறுநாள் மத்தியானம் போனார். தூரத்துச் சுவரில் ஒரு கூடு பளபளத்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தவர், மூக்குக்கு நேரே இருந்த தாழ்ந்த உத்தரத்தைப் பார்க்கவில்லை. நெற்றி மோதியது. டார்ச் கையிலிருந்து எகிறிப் பலகைத் தரையில் கிடந்து உருண்டு, வெளிச்சத்தைக் கத்தி மாதிரி நாலு பக்கமும் வீசியது. மோதிய வேகத்தில் உத்தரத்திலிருந்த இரண்டு கூடுகள் முட்டையோடு கீழே விழுந்தன. அடைகாத்துக்கொண்டிருந்தவை எல்லாம் பொந்து வழியாகப் பிய்த்துக்கொண்டு பறந்தன. சில அவர் தலைமேலேயே கழிந்துவிட்டுப் போயின.

பொழுது சாயும்போது சரூன் நெற்றிப் புடைப்போடு தெருவில் நின்றார். பக்கத்தில் லமாய் நின்றாள். குருவிகள் திரும்பி வந்தன. வீட்டை ஏழெட்டு முறை சுற்றின. கொஞ்சம் உள்ளே போயின. மற்றதெல்லாம் தெருவைத் தாண்டி விச்சாயின் பொந்துக்குள் நுழைந்தன.

"நாலு வருஷம் காதுல பஞ்சு வச்சுத் தூங்குனது விச்சாய்க்காகத்தான் போலிருக்கு" என்றாள் லமாய்.

அடுத்த வாரம் அவளே போய் அந்தச் சின்ன டார்ச்சை வாங்கிப் பிரானி கையில் கொடுத்தாள். பிரானி ஏணியில் நின்றபடி, தலையைக்கூடத் திருப்பாமல், உத்தரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். ஒரு குருவியும் அசையவில்லை.

"பதினோரு ஜோடி இருக்கு, எல்லாம் முட்டைமேல. இப்போதைக்கு எதையும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

சரூனைக் காணோம். தேடிப் போனால், மொட்டை மாடியில் நின்றிருந்தார். மேகத்துக்கிடையே மிச்சமிருந்த வெளிச்சத்தில் குருவிகள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன. சரூன் தன் டார்ச்சை எதிர்வீட்டுப் பொந்தின்மேல் பிடித்திருந்தார்.

"பாத்தியா பிரானி, எவ்வளவு தெளிவா விழுது. ஒவ்வொண்ணா எண்ணலாம். அதோ போகுதே, அந்த மூணும் என்னுது."

"அண்ணே, அத அணைங்க" என்றாள் பிரானி. "அங்கேருந்தும் போயிட்டா, அப்புறம் எந்த ஊர்ல போய் எண்ணுவீங்க?"