ஏழாவது முட்டு

நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் இருபத்தாறு வருஷம் செய்தது ஒரே வேலைதான்: கூரை தலையில் விழாமல் மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுப்பது. ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அவர் முட்டுக்காரர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையை நிமிர்ந்து பார்ப்பார். திருப்தியான பிறகுதான் உட்காருவார். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் கூரையைத்தான் பார்த்தார், தன்னைப் பார்க்கவில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவளுடைய தம்பிதான் மூன்றாம் சுரங்கவழியில் கூரை சரிந்து செத்துப்போனவன். வயது இருபத்திரண்டு. அந்த இடத்தில் ஏழு முட்டு வேண்டும். முட்டுக்காரர் ஆறு வைத்தார். ஏழாவதற்கு மரத்தைத் தூக்கும்போது வேலை முடிகிற சங்கு ஊதியது. பசி வேறு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே ஏறிவிட்டார். காலையில் அவருக்கு முன்னால் மச்சினன் உள்ளே போய்விட்டான்.

விசாரணையில் ஏழு என்றார். கூட வேலை பார்த்த துளைபோடுகிறவன், இருட்டிலும் கண் தெரியும் என்பதால் பூனை என்று பேர் வாங்கியவன், ஆறுதான் என்று தெரிந்தும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். பாறைமேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடினார்கள். தன் வீட்டுக்காரர் ஏழு முட்டு வைத்தும் அந்தப் பாறை ஏமாற்றிவிட்டது என்று மனைவி முப்பத்தொரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவர் அப்போதெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்.

பூனைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைகிற பழக்கம். அவனும் இன்னும் நாலைந்து தொழிலாளிகளும் வரைந்த படங்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி கிடந்தன. பூனை செத்து இரண்டு வருஷம் கழித்து யாரோ அவற்றை இழுத்துத் துடைத்து, நகராட்சி மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஒரு படத்தில் உன் தம்பி இருக்கிறான், மூன்றாம் வழியில் நிற்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து மனைவியிடம் சொன்னாள்.

பூனை கண்ணில் பட்டதை அப்படியே வரைகிறவன். போகாமலிருக்க முட்டுக்காரர் கால்வலி என்றார், மூச்சிரைக்கிறது என்றார், கூட்டம் அலைமோதும் என்றார். மனைவி விடவில்லை; போனபோது மண்டபத்தில் பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

மனைவி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் முட்டுகளை எண்ணினார். ஏழு. மறுபடியும் எண்ணினார். ஏழுதான். பூனை அவருக்காகப் பொய்யாக ஒன்றை வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அவருக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

“பாத்தீங்களா, ஏழும் இருக்கு. நீங்க வெச்சது,” என்றாள் மனைவி.

ஆனால் அந்த ஏழாவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மரத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்கினால்தான் முட்டு பாரம் தாங்கும். மற்ற ஆறுக்கும் ஆப்பு இருந்தது. இதற்கு இல்லை. கூரையை உரசிக்கொண்டு சும்மா நின்றது. தன் காலத்தில் அவர் அப்படி ஒன்றை வைத்ததே கிடையாது.

“அது நான் வெச்சதில்ல,” என்றார்.

“பின்ன யாரு வெச்சது?”

வாயைக் கொடுத்தாகிவிட்டது. இனி எங்கே போவது?

“யாரும் வைக்கல. பூனை வரைஞ்சதுதான். அன்னிக்கு ஆறுதான் இருந்துச்சு.”

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. கையைத் தூக்கிப் படத்தின் அருகே கொண்டுபோனாள். மூலையில் நாற்காலி போட்டிருந்த காவலாளி, படத்தைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை என்றாள். ஏழாவது முட்டு மட்டும் மறைகிற மாதிரி உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கீழே நிற்கும் தம்பியைப் பார்த்தாள்.

“இப்ப சரியா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு,” என்றார்.

காவலாளி மறுபடியும் சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை.