நான் பெறாத பெண்பிள்ளை

நெடுந்தீவுக்கு மருத்துவிச்சியாக வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. கையில் ஒரு தோல்பை. அதற்குள் கத்தரிக்கோல், நூல், மருந்து, பட்டணத்து ஆசுபத்திரியில் படித்துத் தேறிய பத்திரம். கடல் அன்று அமைதியாகத்தான் கிடந்தது. பயம் எனக்குள்தான். ஆசுபத்திரியில் என் தோளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தாதி நின்றாள். இங்கே யார் நிற்பார்? என்னைத் தவறுதலாகத் தேறவைத்துவிட்டார்கள், முதல் பேற்றிலேயே குட்டு வெளிப்படப் போகிறது என்றுதான் வள்ளத்தில் வரும்போதே நினைத்தேன்.

முதல் வீட்டில் மாமியார்க்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீர் எத்தினை பெத்தனீர்?"

கலியாணம் முடிந்த எட்டாம் மாதமே என் கணவர் கிளாக்கர் வேலைக்கு மலாயா போய்விட்டார். நான் எங்கே பெறுவது? பத்திரத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன்.

"கடுதாசியை விடும். மலடிக்குத் தெரியுமோ பிள்ளைப்பேத்து நோவு?"

உள்ளே மருமகள் நோவில் கத்துகிறாள். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. "ஒண்டு பெத்தனான். பொம்பிளைப்பிள்ளை. மூண்டு மாதத்திலை காய்ச்சல் வந்து செத்துப்போச்சு" என்றேன். என் வாயா அது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. "ஐயோ பிள்ளை!" என்று அவள் வழிவிட்டாள்.

அந்தப் பேறு நல்லபடி முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ஆனால் என் கை செய்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எல்லாம் அந்தப் பொய் செய்த வேலை என்றே நம்பினேன். பொய்யும் சும்மா இருக்கவில்லை. பிள்ளை ஆர் சாயல், தலைமயிர் சுருளோ என்று பெண்கள் கேட்பார்கள். ஓம், சுருள்தான் என்பேன். வெட்கக்கேடு, வீட்டில் தனியே இருக்கும்போதும் அவள் வயதை எண்ணத் தொடங்கினேன். இப்போது பல்லு முளைத்திருக்கும், இப்போது நடப்பாள். இல்லாத பிள்ளைக்காக உண்மையாகவே அழுதிருக்கிறேன்.

மூன்றாம் வருடம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய ஒரு மத்தியானம், மாடு வளர்க்கும் வீடொன்றில் தலைப்பிள்ளைப் பேறு. பெடியன். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றி, நீலம் பாரித்து வந்தான். வாயில் ஊதினேன், முதுகில் தட்டினேன், சுடுதண்ணியிலும் பச்சைத்தண்ணியிலும் மாறி மாறித் தோய்த்தேன். அசையவில்லை. பொழுது படும்வரை அந்தத் தாயின் காலடியிலேயே இருந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிவிட்டது. குடிக்கப் பிள்ளையில்லாத பால் நெருப்பாக நோகும். பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோயிலடியில் பூப் பறித்துவந்து, அவள் மார்பில் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கும் பூக் கட்டினவையோ அக்கா? எத்தினை நாளிலை வத்தினது?"

மூன்று நாள் என்று சொல்லியிருக்கலாம். பால் சுரந்த அந்த மார்புக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"எனக்குப் பால் வந்ததே இல்லை. நான் பெறேல்லை. பொய் சொன்னனான்."

அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "போங்கோ" என்றாள்.

வேலையை விட்டுப் போகக் கடிதம் எழுதினேன். காற்று அடங்கும்வரை வள்ளம் ஓடவில்லை. அதற்குள் ஒரு வீட்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. வேலிப் படலையிலேயே நின்று சொன்னேன்: "நான் பெறாதவள். படிச்சனான். விருப்பமெண்டால் உள்ளுக்கு வாறன்." உள்ளே விட்டார்கள். கால் முன்னுக்கு வந்த பிள்ளை அது. பதனமாக வெளியே எடுத்தேன். அன்றைக்குத்தான் என் கையை நானே பார்த்தேன். அது பேசாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பொய்க்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. கடிதத்தைக் கிழித்தேன். பிறகும் சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சாத்தட்டும் என்று திரும்பி நடக்கவும் பழகினேன்.

பிறகு யுத்தம் வந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடிக்க, கடிதங்கள் நின்றுபோயின. கணவர் இருக்கிறாரோ இல்லையோ, இனி எனக்குப் பிள்ளையில்லை என்று தெரிந்துவிட்டது.

அந்த நாள்களில்தான், தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவளின் புருசன், அந்த மாட்டுக்காரன், ஓடி வந்தான். அவளுக்குப் பிள்ளை நோக் கண்டுவிட்டதாம். போனேன். அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏன் அங்கை நிக்கிறியள்?" உள்ளேயிருந்து கத்தினாள். "பெத்தவள் வேணுமெண்டால் ஊரிலை ஆக்கள் இல்லையோ? எனக்குப் பூக் கட்டின கைதான் வேணும்!"

பெண்பிள்ளை. வந்தவுடனேயே வீடு அதிரக் கத்தினாள். குளிப்பாட்டித் துடைத்துத் துணியில் சுற்றினேன். தாயிடம் நீட்ட வேண்டும். நீட்டவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ அக்கா."

வைத்திருந்தேன். வாய்விட்டு அழுதேன். பிறகு பிள்ளையைத் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டுப் பையைப் பூட்டினேன். அன்றைக்குப் பிறகு என் மகளின் வயதை நான் எண்ணவில்லை.