பத்துக்கு ஒரு முடிச்சு

பவானி என்கிற பெயர் முதலில் காதில் விழுந்தது கருங்குழியில், ஜெகதாம்பாளின் பேத்திக்குக் காது குத்திய அன்றைக்கு. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்: "எங்க குப்பத்துல பவானின்னு ஒருத்தி கீறா. வலைக் கயித்த இழுத்துகினு மணல அளக்கறா. வெயில்ல மூளை காஞ்சிபோச்சு போல." பந்தியே சிரித்தது.

விசாரித்துப் பார்த்தால் பவானி வேற்றாள் இல்லை. நெம்மேலி அப்பாசாமிக்கு மூன்றாவது மகள். ஜெகதாம்பாளின் நாத்தனாரை அந்த அப்பாசாமியின் தம்பிக்குத்தான் கொடுத்திருந்தது. பத்தாவது வரை படித்தவள், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் தாண்டவராயனுக்கு வாழ்க்கைப்பட்டு, மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் மணலை அளந்ததற்குக் காரணம் இருந்தது. கடற்கரையில் எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்யும் சர்க்காரின் புது வரைபடத்தின் நகல் ஊருக்கு வந்திருந்தது. அதில் வீடுகள் இருந்தன, கோயில் இருந்தது, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் இருந்தன. நாற்பது படகு ஏற்றி வைக்கிற மணலும், கருவாடு காயப்போடுகிற மணலும் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தன. வெள்ளை என்றால் காலி இடம். பக்கத்தில் ஓட்டல் கட்ட வந்தவர்கள் அந்தக் காலி இடத்துக்கு மனுப் போட்டு, வேலிக் கல்லையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஊருக்கு ஆட்சேபணை இருந்தால் தானே ஒரு படம் வரைந்து, குறித்த நாளில் செங்கல்பட்டு ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று ஐந்து மணிக்கு மேல் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். இடம் போனால் படகைத் தலையிலா வைத்துக்கொள்வது?

"யோவ், அளக்கறதுக்குக் கயிறு வேணும். பத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் குடு" என்று புருஷனிடம் கேட்டாள். போட்டுக் கொடுத்தான். ஒன்பது நாள் கயிற்றோடு நடந்தாள். ஒரு முடிச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பெரிய சார்ட்டில் வரைந்தாள். படகுக்கு ஒரு குறி, கருவாட்டுக்கு ஒரு குறி போட்டு, எது எதற்கு என்று ஓரத்தில் எழுதினாள். கடைசியாக அடியில், ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து மீட்டர் என்றும் எழுதிவிட்டாள்.

செங்கல்பட்டில் அவர்கள் முறை வந்தபோது மணி நாலேகால். ஊர்க்காரர்கள் வராந்தாவில் காத்திருக்க, பவானி மட்டும் உள்ளே போனாள். அதிகாரி சார்ட்டைப் பிரித்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"என்னம்மா, வடக்கே கடல் வந்திருக்கு?"

ஓட்டல்காரர்கள் அனுப்பிய ஆள் ஜன்னலோரம் நின்றிருந்தான். "கீழ பாருங்க சார், தெற்கால இமயமலை இருக்கும்" என்றான்.

"நாங்க எழுந்தா கடலப் பாத்துதான் சார் நிப்போம். அதான் கடல் மேல கீது" என்றாள் பவானி.

படம் வரைகிற பிரிவிலிருந்து வந்திருந்த ஷாஹிதா சார்ட்டைத் திருப்பி, கடல் வலக்கைப் பக்கம் வரும்படி வைத்தாள். மேலே ஓர் அம்பு போட்டு, வடக்கு என்று எழுதினாள். "இது ஒண்ணும் இல்ல சார், சரியாயிடுச்சு."

பிறகு ஸ்கேலை வைத்தாள். அவள் முகம் மாறியது. "கோயில்லேந்து ரோடு வரைக்கும் நம்ம படத்துல நூத்தியெழுபத்தாறு மீட்டர் சார். இவங்க படத்துல நூறுதான் வருது."

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். "அளவே தப்புன்னா இதை எப்படிம்மா நம்பறது? படகு இங்கதான் நிக்குதுன்னு எந்த தைரியத்துல எழுதுவேன்?"

பவானி சார்ட்டின் மேல் குனிந்தாள். கோயிலிலிருந்து ரோட்டுக்கு அவள் இரண்டு தரம் நடந்திருந்தாள். கால் கோணியிருந்தால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். கயிறே தப்பாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா குறையும்?

"மேடம், தொட்டிலேந்து ஸ்கூலு எவ்ளோ வருதுன்னு பாருங்க."

"உங்களுது நூத்தம்பது. எங்களுது இருநூத்தி அறுபத்திநாலு." ஷாஹிதா கால்குலேட்டரைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். "சார், ரெண்டு எடத்துலயும் ஒரே மடங்கு குறையுது."

பவானி வராந்தாவுக்கு ஓடினாள். தாண்டவராயன் படியில் குந்தியிருந்தான்.

"யோவ், பத்துக்கு ஒரு முடிச்சு போட்டியே, பத்து இன்னா?"

"பத்து பாகம். வேற இன்னா?"

"மீட்டர் இல்லியா?"

"மீட்டரா? நான் இன்னா ஆட்டோவா ஓட்டறேன்?"

இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கடலின் ஆழமானாலும் வலையின் நீளமானாலும் அவனுக்கு அதுதான் அளவு. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், தப்பு என்னுதுதான். இந்தாளு கைதான் எங்க ஸ்கேலு. அளந்து பாருங்க."

"படத்தைக் கேட்டா ஆளை நீட்டறாங்க" என்றான் ஜன்னலோரத்து ஆள். "கணக்குக்கு ஏத்த மாதிரி கைய நீட்டுவான் சார்."

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. ஷாஹிதாவிடம் தலையை ஆட்டினார்.

தாண்டவராயன் சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றான். பவானி ஒரு நுனியில் டேப்பைப் பிடித்தாள்.

"இழுக்காத, சும்மா நில்லு" என்றாள் அடிக்குரலில்.

"மூச்சாவது வுடலாமா?"

ஷாஹிதா குனிந்து பார்த்தாள். "நூத்தியெழுபத்தாறு சென்டிமீட்டர் சார்."

அதிகாரி தானே பெருக்கிப் பார்த்தார். கோயிலிலிருந்து ரோடு பத்து முடிச்சு, நூறு பாகம், நூற்றியெழுபத்தாறு மீட்டர். தொட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டார், அதுவும் ஒத்துவந்தது. பத்து மீட்டர் என்று இருந்ததை அடித்துவிட்டுப் பதினேழரைக்குச் சற்று மேலாகத் திருத்தி, பவானியிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். அப்போது ஐந்துக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. ஜன்னலோரத்து ஆள் யாருக்கோ போன் போட்டபடி வெளியே போனான்.

நாலு மாதம் கழித்து வந்த படத்தில் படகு மணலும் கருவாட்டு மணலும் குப்பத்தின் பேரில் இருந்தன. வடகோடியில் வலை சீர் செய்கிற இடம் மட்டும் இல்லை. மாமியாருக்கு ஜுரம் என்று அந்தப் பக்கம் அவள் அளக்கப் போகவே இல்லை. அங்கே வேலி வந்துவிட்டது. அதற்காக ஊரில் இரண்டு வீட்டார் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

பவானிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அதே குப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில் இருக்கிறாள்.